மேசைக்குப் பின்னால் ஒரு முகம்

லெம்பேட்டோட போன் நம்பரா? உக்காருங்கம்மா, மொதல்ல உக்காருங்க. மெட்ராஸ்லருந்து இவ்வளவு தூரம் பஸ்ல வந்திருக்கீங்க. நம்பர் எங்கிட்ட இருக்கு, தர்றேன். ஆனா அடிச்சா போகாது. அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது, அவன் பொண்டாட்டிக்கே தெரியாது. உங்க சுவத்துல படம் வரைய நீங்க வேற ஆளப் பாத்துக்கறது நல்லது. ஏன்னு கேக்காதீங்க. கேட்டா சொல்லிடுவேன், எனக்கு வாய் நிக்காது.

காபி குடிப்பீங்கல்ல? கோமதி, ரெண்டு காபி போடு. எனக்கு சர்க்கரை வேண்டாம்.

சரி, கேட்டுட்டீங்க. சொல்றேன்.

நான் இந்தக் காலேஜ்ல முப்பத்தோரு வருஷம் ஓவியம் சொல்லிக் குடுத்தவன். போன மே மாசம் ரிட்டயர்டு. இந்த மாதிரி சின்ன ஊர்ல ஓவியத் துறைன்னா என்னன்னு நினைக்கிறீங்க? ஆண்டு விழாவுக்கு பேனர் எழுதணும், பிரின்ஸ்பால் மக கல்யாணத்துக்கு மணவறையில மயில் வரையணும், அவ்வளவுதான். அதுக்குள்ள உக்காந்துகிட்டு சமூக நீதி, விளிம்புநிலை மக்கள்னு பேசிக்கிட்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். ஸ்டாஃப் ரூம்ல என் தலை தெரிஞ்சாலே, 'வந்துட்டாருப்பா விளிம்பு'ம்பானுங்க. பேசட்டும். பேசினவன் ஒருத்தனுக்காவது பெங்களூர்லருந்து போன் வந்திருக்கா?

எனக்கு வந்துச்சு. அங்க ஒரு பவுண்டேஷன், சுவரோவியத்துக்குப் பணம் குடுக்குறவங்க. நம்ம காலேஜ் காம்பவுண்டு பைபாஸ் ரோட்டைப் பாத்தாப்ல நூத்தி எண்பது அடி கெடக்கு. எழுதிப் போட்டேன், கெடைச்சுது. ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. பாதிக்கப்பட்ட சமூகத்து ஆளுங்க சேந்து வரையணும், ஆனா அவங்களைக் கூலிக்கு வைக்கக் கூடாது. பங்கேற்பாளரா வைக்கணும். எவ்வளவு உயர்ந்த எண்ணம் பாருங்க. கூலி குடுத்தா அவன் கூலிக்காரன் ஆயிடுறான்ல.

இங்கருந்து மூணு கிலோமீட்டர்ல சிலோன் அகதி முகாம் இருக்கு. தொண்ணூறுல படகுல வந்தவங்க. அந்த முகாம் ஆம்பளைங்க முக்கால்வாசிப் பேரு பெயிண்டருங்க. நெலம் வாங்க முடியாது, அரசாங்க வேலை கெடையாது, தொழில் வைக்கிறதுக்கு பேப்பர் கேப்பான். பிரஷ்ஷைப் பிடிக்கிறதுக்கு ஒரு பேப்பரும் வேண்டாம். இந்த ஊர்ல நீங்க பாக்குற வீடு எல்லாம் அவங்க அடிச்ச கலருதான்.

லெம்பேட்டை நான் கண்டுபிடிச்சது பாய்ஸ் ஹாஸ்டல்ல. கண்டுபிடிச்சதுன்னுதான் சொல்லணும், அதுவரைக்கும் அவன் யாரு? சுவத்துக்குப் பட்டி பாக்குற ஆளு. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, இவன் பிரைமர் அடிச்ச சுவத்துல கரித்துண்டை வச்சு வார்டன் மூஞ்சியை வரைஞ்சுகிட்டிருக்கான். மூக்கோரத்து மரு வரைக்கும் அப்படியே இருக்கு. என்னைப் பாத்ததும் ரோலரை எடுத்து ஒரே இழுப்பு, வார்டன் போயிட்டாரு. 'சும்மா சார், கை பழகுறதுக்கு'ன்னான். யாருகிட்டப்பா கத்துகிட்டேன்னேன். 'யாருகிட்டயும் இல்ல சார். ஒரு தடவை மூஞ்சி பாத்தா மறக்காது, அவ்வளவுதான்'னான்.

முழுப் பேரு செபமாலை லெம்பேட்டு. மன்னார்க்காரங்க, வேதக்காரங்க, கிறிஸ்டியனுங்க. ஆறு வயசுல வந்தவன், இப்போ நாப்பது. பொண்டாட்டி மெட்டில்டா, ஒரே பொண்ணு டிலக்சி, பிளஸ் டூ. நம்மகிட்ட பேசுறப்ப நம்ம மாதிரியே 'சார்'னு பேசுவான். வீட்டுக்கு போன் பேசினா மட்டும் அவங்க தமிழ் வந்துடும். எனக்கு அதைக் கேக்கப் பிடிக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். கூலி கெடையாது, மத்தியானம் சாப்பாடு உண்டு, கடைசியில சான்றிதழ், பொன்னாடை. யோசிச்சான். ரெண்டு மாச வேலை, அந்த ரெண்டு மாசம் வீட்டுல என்ன சாப்பிடுறதுன்னு யோசிச்சிருப்பான் போல. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டான். 'சுவத்துல என் பேர் போடுவீங்களா சார்?'

கண்டிப்பான்னேன். அப்புறம் போர்டு எழுதுறப்ப 'முகாம் மக்களுடன் இணைந்து'ன்னு போட்டோம். ஒருத்தன் பேரை மட்டும் போட்டா மத்தவங்க வருத்தப்படுவாங்கல்ல. மத்தவங்க யாரும் வரலை, அது வேற விஷயம்.

மொத நாள் சாரத்துக்குக் கீழ நிக்க வச்சு சொன்னேன். 'லெம்பேட்டு, இந்த இருபதடி உனக்கு. உன் வலியை வரைப்பா.'

'என்ன வலி சார்? தோள்பட்டை வலிதான் இருக்கு, ரோலர் இழுத்து இழுத்து.'

பாருங்க, அவங்களுக்கு அவங்க வலியே தெரியாது. நாமதான் எடுத்துக் குடுக்கணும். அவன் என்ன வரைய ஆசைப்பட்டான் தெரியுமா? கழுதை. மன்னார்ல தெருவெல்லாம் கழுதை நிக்குமாம், ஆறு வயசுல பாத்தது ஞாபகம் இருக்காம். கடற்கரையில ஒரு கழுதைக் கூட்டம், முதுகுல காலை வெயில். 'அழகா இருக்கும் சார்'ங்கிறான். பெங்களூர்க்காரன் கழுதை பாக்கவா பணம் குடுக்குறான்? 'அதெல்லாம் விடு. மாசா மாசம் முகாம்ல உங்களுக்கு என்ன நடக்குது, அதைச் சொல்லு'ன்னேன். 'செக்கிங் நடக்கும் சார்'னான்.

செக்கிங்னா உங்களுக்குத் தெரியாது இல்ல? மாசத்துக்கு ரெண்டு தடவை ஆர்.ஐ. வருவாரு. ரெவின்யூ இன்ஸ்பெக்டர், தாலுகா ஆபீஸ் ஆளு. கூட ஒரு போலீஸ்காரர். மேசையைப் போட்டு பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பேரா கூப்பிடுவாங்க. தலை நேர்ல தெரியணும். என்னைக்குன்னு முன்னாடி சொல்ல மாட்டாங்க. ஊர்ல எங்கயாவது சாரத்துல நிக்கிற பெயிண்டர் சுவத்தைப் பாதியில விட்டுட்டு குதிச்சு பைக்கை எடுத்தான்னா, வீட்டுக்காரங்க புரிஞ்சுக்குவாங்க, இன்னைக்கு முகாம்ல செக்கிங்னு. தொடர்ந்து மூணு தடவை ஆள் இல்லேன்னா பதிவை வெட்டிடுவாங்க. படகேறி வெளிநாடு போயிட்டான்னு அர்த்தம். பதிவு போச்சுன்னா உதவித்தொகை போச்சு, அரிசி போச்சு, அந்தப் பத்துக்குப் பத்து ரூம் போச்சு. அதுக்கப்புறம் அவன் இந்த நாட்டுல இருக்கிறதே குத்தம்.

எவ்வளவு பெரிய சப்ஜெக்ட் பாருங்க. இதைக் கையில வச்சுகிட்டு கழுதை வரையறேங்கிறான்.

'அதை வரை'ன்னேன். 'அது வேண்டாம் சார். பாத்தா கோவப்படுவாங்க.' யாருன்னேன். 'ஆர்.ஐ. சார்'னான். 'கலைக்கு யாருப்பா ஆர்.ஐ.?'ன்னேன். நல்லா இருக்குல்ல? அப்புறம் விழாவுலயும் அதைச் சொன்னேன், கைதட்டு வாங்குச்சு.

வரைஞ்சான். முப்பத்தி நாலு பேர் வரிசையில நிக்கிறாங்க. அத்தனை பேரும் முகாம்ல உசுரோட இருக்கிறவங்க. தலையெல்லாம் சுண்ணாம்போட ஓடி வந்து நிக்கிற ஒருத்தன், செருப்பைக் கையில பிடிச்சுகிட்டு ஒருத்தி, குளிச்ச ஈரத்தோட ஒரு கெழவர். ஆறாவதா அவன் பொண்டாட்டி மெட்டில்டா. அவனும் கடைசியில நிக்கிறான். எதுத்தாப்ல மேசை, பதிவேடு. மேசையில ஆர்.ஐ. இருக்காரு, ஆனா முதுகைக் காட்டிகிட்டு.

எனக்கு வந்துச்சே கோவம். 'ஏம்ப்பா, கலைஞன் முதுகை வரைஞ்சுட்டுத் தப்பிக்கலாமா? திருப்பு அவரை'ன்னேன். 'வேற ஏதாவது மூஞ்சி போடவா சார்? சும்மா ஒரு மூஞ்சி?'ன்னு கேட்டான். கூடாதுன்னுட்டேன். உண்மையை வரைஞ்சாதான் ஓவியம். மத்ததெல்லாம் காலண்டர்.

சாரத்து மேல நின்னுகிட்டு கீழ பாத்தான். 'சார், ஏதாவது ஆச்சுன்னா நீங்க பேசுவீங்கல்ல?'

'நான் இருக்கேன்பா.'

ஒரு மணி நேரத்துல ஆர்.ஐ. திரும்பிட்டாரு. அப்படியே அச்சு. ஆறு வருஷமா மாசத்துக்கு ரெண்டு தடவை முன்னாடி நின்னு பாத்த மூஞ்சியாச்சே. நான் கட்டிப் பிடிச்சுகிட்டேன் அவனை. பெயிண்டோட பெயிண்டா. நான் அதெல்லாம் பாக்கிறவன் இல்லை.

சுவரு ஜனவரியில முடிஞ்சுது. அந்தக் கடைசி மூணு வாரம் ரொம்ப நெருக்கடி. அதுல ரெண்டு செக்கிங்கை லெம்பேட்டு விட்டுட்டான். நான்தான் விடச் சொன்னேன், மறைக்கலை. சாரத்தை நாள் வாடகைக்கு எடுத்திருக்கோம், இவன் இறங்கிப் போயிட்டா வேலை நிக்குது. 'ஆர்.ஐ. கிட்ட நான் சொல்லிக்கிறேன்'னேன். சொல்லணும்னுதான் இருந்தேன். அழைப்பிதழ், மைக், சாப்பாடுன்னு ஓடிட்டிருந்ததுல மறந்து போச்சு. மறதி மனுஷனுக்கு உள்ளதுதானே.

ஜனவரி இருபத்தி நாலு திறப்பு விழா. சப் கலெக்டர் வந்தாரு. அவருக்கு நாற்காலி போட, சால்வை வாங்க, எல்லாத்துக்கும் இந்த ஆர்.ஐ.தான் ஓடிட்டிருந்தாரு. சப் கலெக்டர் சின்னப் பையன், நல்லா ரசிக்கிறவரு. சுவத்தைப் பாத்துட்டே நடந்து வந்தவரு அந்த மேசைகிட்ட நின்னாரு. சுவத்தைப் பாத்தாரு, ஆர்.ஐ.யைப் பாத்தாரு. 'என்ன சார், சொல்லவே இல்ல, மாடலிங் எல்லாம் பண்றீங்க போல'ன்னாரு. மொத்தக் கூட்டமும் சிரிச்சுது. ஆர்.ஐ.யும் சிரிச்சாரு. சிரிச்சுகிட்டே வரிசையில நிக்கிற மூஞ்சிங்களை ஒவ்வொண்ணா பாத்தாரு, எண்ணுற மாதிரி.

லெம்பேட்டு மட்டும் சிரிக்கலை. பொன்னாடை போத்துறப்ப குனிஞ்சே நின்னான். ஒரு போட்டோல கூட மூஞ்சி விழலை. நாலு வார்த்தை பேசுப்பான்னா, 'எல்லாருக்கும் நன்றி'ன்னு சொல்லிட்டு இறங்கிட்டான். ரெண்டு மாசம் ஒருத்தனைக் கைதூக்கி விட்டு மேடை வரைக்கும் கொண்டு வந்தா இப்படிப் பண்றான். எனக்கு அன்னைக்கு மனசே விட்டுப் போச்சு.

காபி ஆறிடும், குடிங்க.

அதுக்கப்புறம்தான் பிப்ரவரி மூணாம் தேதி. பெங்களூர்லருந்து ரெண்டு பசங்க கேமராவோட வந்து இறங்கினாங்க. சுவரோவியத்துக்கு தேசிய அளவுல ஒரு அவார்டு இருக்கு, அதுக்கு வீடியோ அனுப்பணும். வேலை நடக்கிற மாதிரி வேணுங்கிறாங்க. சுவரு முடிஞ்சு பத்து நாளாச்சு. என்ன பண்றது? லெம்பேட்டு அப்போ வேற ஒரு வீட்டுல வேலைக்குப் போயிட்டிருந்தான், கூப்பிட்டு அனுப்பி சாரத்துல ஏத்தினேன். பச்சைத் தண்ணியில பிரஷ்ஷை முக்கிக் குடுத்து, வரைஞ்ச இடத்துலயே திருப்பி வரையற மாதிரி தடவச் சொன்னேன். பேசுறப்ப உங்க தமிழ்ல பேசுப்பா, எங்க தமிழ் வேண்டாம், அப்பதான் உண்மையா இருக்கும்னு சொல்லி வச்சேன். அது அவனுக்கு வரலை. திக்குறான். நம்ம தமிழும் இல்லாம அவங்க தமிழும் இல்லாம ஏதோ பேசுறான்.

அப்பதான் போன் வந்துச்சு, மெட்டில்டா. எடுத்துக் கேட்டவன் மூஞ்சி செத்துப் போச்சு. அப்போ வந்துச்சு பாருங்க அவங்க தமிழ், அப்படியே அருவியா. 'சேர், நான் போகோணும். செக்கிங் வந்திட்டாங்களாம். ரெண்டு தரம் விட்டாச்சு. இண்டைக்கும் விட்டா என்ர பதிவை வெட்டிப் போடுவாங்கள் சேர்.'

கேமராக்காரப் பையன் துள்ளிட்டான். 'சார், இதுதான் சார். இதையே கேமராவைப் பாத்து ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க.'

லெம்பேட்டுகிட்ட சொன்னேன், பத்து நிமிஷம்பா, சொல்லிட்டு ஓடிடுன்னு. அவன் பைக்கு எங்க தெரியுமா, கேமரா வண்டிக்கு உள்பக்கமா மாட்டிகிட்டு நிக்குது. வண்டியை எடுக்கணும்னா லைட்டெல்லாம் கழட்டணும். அதனால சொன்னான். மொத டேக்ல லாரி சத்தம். ரெண்டாவதுல போன் அடிச்சுது. போனைக் குடுன்னு வாங்கி என் சட்டைப் பையில போட்டுகிட்டேன். மூணாவது டேக் ஓகே.

நீங்க பாத்தேன்னீங்களே வீடியோ, அதான் அது. அதுல அவனுக்குக் கண்ணு கலங்கும் பாருங்க, அது நடிப்பு இல்லம்மா. அசல். எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க, எப்படி சார் அவ்வளவு உண்மையா எடுத்தீங்கன்னு.

அப்புறம் குளோஸ்-அப் எடுத்தாங்க, கை மட்டும், பிரஷ் மட்டும். வெயில் நல்லா விழுந்துட்டிருந்துச்சு, அதை விட முடியாதுல்ல. என் பையில போன் துடிச்சுகிட்டே இருக்கு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினேன், பதினோரு தடவை. அந்தப் பொம்பளைக்கும் கொஞ்சம் பொறுமை வேணும். எனக்கு நெஞ்செல்லாம் அதிர்ந்து ஒரு மாதிரி ஆயிடுச்சு, பிரஷர் இருக்கு எனக்கு.

இவன் முகாமுக்குப் போறப்ப மேசையை மடக்கிட்டாங்க. முந்தியெல்லாம் சாயங்காலம் வந்து தலையைக் காட்டினா கூட விட்டுடுவாராம் அந்த ஆர்.ஐ. அன்னைக்குப் பதிவேட்டைத் திறக்கவே இல்லையாம். 'வாங்க ஓவியரே, வரைஞ்சு முடிச்சாச்சா?'ன்னாராம். முகாம் முழுக்க நின்னு பாத்திருக்கு. யாரும் வாயைத் திறக்கலை. எப்படித் திறப்பாங்க? வரிசையில அவங்க மூஞ்சியும்தானே இருக்கு.

நாலு நாள் கழிச்சு இங்க வந்தான், பொண்ணையும் கூட்டிகிட்டு. அந்த கேட்டுகிட்ட நின்னாங்க. உள்ள வாங்கன்னேன், வரலை. பொண்ணு கையில ஒரு மனு, அவளே எழுதினது, கையெழுத்து முத்து முத்தா இருக்கு. தாசில்தார் விசாரணை வச்சிருக்காராம். பிப்ரவரி மூணாம் தேதி லெம்பேட்டு இந்த ஊர்லதான் இருந்தான், எங்க சுவத்துல வேலை பாத்தான்னு நான் ஒரு கடிதம் குடுத்தா பதிவைத் திருப்பிப் போட வாய்ப்பு இருக்காம். 'ஒரே ஒரு கடிதம் போதும் சார்'ங்குது அந்தப் பொண்ணு.

என் நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஜனவரி இருபத்தி நாலோட வேலை முடிஞ்சுதுன்னு நான் பெங்களூருக்கு ரிப்போர்ட் குடுத்தாச்சு. அவார்டுக்கு அனுப்பின ஃபார்ம்லயும் அதே தேதி. இப்போ மூணாம் தேதி வேலை பாத்தான்னு எழுதினா, ரிப்போர்ட் பொய்யா? வரையலை, வேலை நடக்கலை, வீடியோவுக்காக நிக்க வச்சோம்னு எழுதினா, வீடியோ பொய்யா? அப்புறம் அவார்டு எங்கருந்து வரும்? நான் ரிட்டயர்டு ஆக மூணு மாசம் இருக்கு. வாழ்க்கையில ஒரே ஒரு அவார்டு.

'அன்னைக்கு வேலை நடக்கலையேம்மா, எப்படி நடந்துச்சுன்னு எழுதுறது?'ன்னு கேட்டேன். 'அப்பா சுவத்துல நின்னது உண்மைதானே சார்? வீடியோல இருக்கே, அதைக் காட்டலாமே?'ன்னுச்சு. அது ஆவணப்படம்மா, அதுக்குத் தேதியெல்லாம் கெடையாதுன்னு விளக்கினேன். பிளஸ் டூ படிக்கிற பொண்ணு, இதெல்லாம் புரியாது. அப்பன்காரன் என் மூஞ்சியையே பாத்துகிட்டு நின்னான்.

பாக்கலாம்னேன். முடியாதுன்னு சொல்லலை, பாக்கலாம்னேன். அதோட ஒரு வழியும் சொன்னேன். காலேஜ் செகரட்டரிக்கு தாலுகா ஆபீஸ்லருந்து ஜாடையா பேச்சு வந்திருந்துச்சு, அந்த மூஞ்சியை எடுத்தா நல்லதுன்னு. 'நீ மொதல்ல ஆர்.ஐ. மூஞ்சியை மாத்து. வேற ஏதாவது மூஞ்சி போடு, உன் இஷ்டம். அவருக்குக் கோவம் தணியட்டும், நானும் பேசுறேன்'ன்னேன். என் கொள்கைக்கே விரோதம் அது. அவனுக்காகத்தான் எறங்கி வந்தேன்.

மறுநாள் காலையில ஏணியைத் தூக்கிகிட்டு வந்துட்டான். பழைய மூஞ்சி மேல பிரைமர் அடிச்சு, காயற வரைக்கும் ஏணியிலயே உக்காந்திருந்தான். நான் கீழ நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். பதினோரு மணி இருக்கும், தாசில்தார் போன் பண்ணினாரு. மரியாதையான மனுஷன். 'ஆவுடையப்பன் சார், ஒரு சின்ன விசாரணை. பிப்ரவரி மூணு உங்க சுவத்துல வேலை நடந்துச்சா?'

நான் அரிச்சந்திரன்னு சொல்லிக்கலை. ஆனா அரசாங்கத்துகிட்ட பொய் சொல்ற பழக்கம் எனக்கு இல்லை. 'இல்ல சார், வேலை ஜனவரியிலயே முடிஞ்சுது. மூணாம் தேதி எந்த வேலையும் நடக்கலை'ன்னேன். 'அந்த லெம்பேட்டு அன்னைக்கு உங்ககூட இருந்தானா?'ன்னாரு. 'நமக்கு அவன் வேலைக்காரன் இல்லையே சார், பங்கேற்பாளர். பங்கேற்பு முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவன் வர்றது போறது நமக்குத் தெரியாது'ன்னேன். ஒரு வார்த்தை பொய் உண்டா அதுல? நீங்களே சொல்லுங்க.

போனை வச்சுட்டு மேல பாத்தேன். பிரஷ்ஷைக் கையில வச்சுகிட்டு என்னையே பாத்துகிட்டிருக்கான். எல்லாம் கேட்டிருக்கும், எட்டடி உயரம்தானே. நான் சொன்னேன், 'கேட்டாங்கப்பா, சொல்லிட்டேன், நீ வேலையைப் பாரு.' கொஞ்ச நேரம் அப்படியே பாத்துகிட்டிருந்தான். அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பி வரைய ஆரம்பிச்சான். ஒரு கோடு போடுவான், திரும்பி என்னைப் பாப்பான். மறுபடி ஒரு கோடு. எனக்கு வெயில் தாங்கலை, எழுந்து வீட்டுக்கு வந்துட்டேன்.

சாயங்காலம் நான் போறதுக்குள்ள முடிச்சுட்டு பிரஷ்ஷைக் கழுவிகிட்டிருந்தான். கடிதத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. கேப்பான்னு நான் பதில் எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். 'வர்றேன் சார்'னான், ஏணியைத் தோள்ல வச்சுகிட்டுப் போயிட்டான். பெருந்தன்மை பாருங்க. என் நிலைமையைப் புரிஞ்சுகிட்டான்னு தோணுச்சு.

மூணு வாரம் கழிச்சு படகேறிட்டான்.

ஆமாம்மா. பதிவு போனதுக்கப்புறம் போலீஸ் தேடி வந்துச்சாம், ரூமைக் காலி பண்ணச் சொன்னாங்களாம். எங்கயோ கடன் வாங்கி, மெட்டில்டா தாலிக்கொடியை வித்து, யாரோ ஏஜெண்டு மூலமா கெளம்பிட்டான். அந்தப் படகுல நாப்பது பேர்னு சொல்றாங்க. ஏழு மாசம் ஆச்சு. கரை சேந்ததா ஒரு தகவலும் இல்லை. மெட்டில்டாவும் பொண்ணும் பக்கத்து ரூம்காரங்களோட இருக்காங்க. பொண்ணு காலேஜ்ல சேரலை, ஜவுளிக்கடையில நிக்குது. செக்கிங்குக்கு ரெண்டு பேரும் போய் நிக்கிறாங்க. அவன் எங்கன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாங்களாம்.

அப்புறம் ஒரு நாள் கடைத்தெருவுல ஆர்.ஐ.யைப் பாத்தேன். 'பாத்தீங்களா சார், படகுல போறவன்னு நாங்க சொன்னோம், சரியாப் போச்சு'ன்னாரு. நான் மட்டும் அன்னைக்கு இரக்கப்பட்டு அந்தக் கடிதத்தைக் குடுத்திருந்தேன்னா? என் கதி என்ன ஆகியிருக்கும்? பென்ஷன் வந்திருக்குமா? உண்மை என்னைக் காப்பாத்துச்சும்மா. அதனாலதான் சொல்றேன், உங்க வேலைக்கு அந்த மாதிரி ஆளுங்களை வச்சுக்காதீங்க. திறமை இருக்கு, நெலை இல்லை.

அவார்டா? ரெண்டாவது பரிசு. அந்தா, டிவி மேல இருக்கு பாருங்க.

வாங்க, சுவத்தைப் பாக்காமயா போவீங்க? எதுத்தாப்லதான், பத்து எட்டு. செருப்பைப் போட்டுக்கோங்க, முள்ளு கெடக்கும். இது என் மாணவங்க வரைஞ்சது, பரவாயில்லை. இது பறவைகள். அந்தப் பக்கம் போவோம், இதுக்குத்தானே வந்தீங்க.

ஏன் அப்படியே நின்னுட்டீங்க? ஆமா. நான்தான்.

எல்லாரும் மொதல்ல இப்படித்தான் திகைச்சுப் போறாங்க. அன்னைக்கு சாயங்காலம் நானும் அப்படித்தான் நின்னேன். எந்த மூஞ்சி வேணா போடுன்னு சொன்னதுக்கு அவன் என் மூஞ்சியைப் போட்டிருக்கான். பாருங்க, இந்தக் கண்ணாடி, ஏறின நெத்தி, உதட்டுல லேசா ஒரு சிரிப்பு. கையில பேனா. நாற்காலி, மேசை, பதிவேடு எல்லாம் அப்படியே விட்டுட்டான், மூஞ்சியை மட்டும் மாத்தியிருக்கான். முப்பத்தி நாலு பேரும் என்னைத்தான் பாத்துகிட்டு நிக்கிறாங்க.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சும்மா. முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தேன், ரிட்டயர்மெண்டுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் குடுத்தானுங்க. எவ்வளவோ மாணவங்க, ஒருத்தன் கூட எனக்குன்னு ஒரு படம் வரையலை. ஒண்ணுமில்லாத இவன் வரைஞ்சு வச்சுட்டுப் போயிருக்கான், தன் ஜனம் மொத்தத்துக்கும் நடுவுல. என்ன இருந்தாலும் நன்றி உள்ளவன். மெட்டில்டா கூட ஒரு நாள் வந்து இதைப் பாத்துச்சு. நீங்க நிக்கிற இடத்துலதான் நின்னுச்சு, ரொம்ப நேரம். வரையறதை அவங்க கீறுறதும்பாங்க. 'சரியாத்தான் கீறியிருக்கார்'னுச்சு. பாராட்டிச் சொன்னா மனசுக்கு நிறைவாத்தானே இருக்கு.

உங்க போன்ல ஒரு போட்டோ எடுங்களேன். நான் இப்படிப் பக்கத்துல நின்னுக்கிறேன். அந்த வரிசையில நிக்கிறவங்க எல்லாம் வேண்டாம், கூட்டமாத் தெரியும். நாங்க ரெண்டு பேர் மட்டும் விழுந்தா போதும்.